எஸ்ராவின் தலைமாட்டுச் செடி

எங்கள் குடும்பத்துக் கல்லறைகளில் கடைப் பூ வைப்பதில்லை. என் பாட்டனார் காலத்திலிருந்தே அப்படித்தான். ஒவ்வொரு கல்லறைக்கும் தலைமாட்டில் ஒரு ரோஜாச் செடி உண்டு; அந்தச் செடியில் பூத்ததுதான் அந்தக் கல்லறைக்கு. கல்லறைத் திருநாளன்று சபையார் எல்லாரும் மார்க்கெட்டில் வாங்கிய செவ்வந்தியோடும் கோழிக்கொண்டையோடும் வருவார்கள். நாங்கள் கத்திரிக்கோல் மட்டும் எடுத்துக்கொண்டு போவோம். மாணிக்கராஜ் வீட்டுத் திமிர் என்று என் பெயரைப் போட்டு இதைச் சொல்கிறவர்கள் உண்டு. சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர்களைச் சர்வீஸ் முழுக்கப் பார்த்தாயிற்று. பேசட்டும்.

அந்தச் செடிகளை வளர்த்தது என் மனைவி மார்த்தாள். சங்கரன்கோவில் வெயிலில் ரோஜாவைக் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. சித்திரையில் தென்னங்கீற்று நிழல் கட்டி, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்ற வேண்டும். நர்சரியிலிருந்து இங்கே வருவதெல்லாம் ஒட்டுச் செடி. காட்டு ரோஜாவின் வேரில் நல்ல ரோஜாவின் துளிர்க் கண்ணை வைத்துக் கட்டியது. ஒட்டுக்குக் கீழேயிருந்து கொம்பு கிளம்பினால் அது காட்டுக்கொம்பு. விட்டால் மேலே உள்ள நல்ல செடியைச் சாகடித்துவிடும். மார்த்தாள் அதைக் கண்ட இடத்திலேயே அறுத்துப் போடுவாள். வேறு வீட்டுக்கு விருந்துக்குப் போனால்கூட, அவர்கள் தொட்டியைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, அடியில காட்டுக்கொம்பு வந்திருக்கு, பாக்கலியா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவாள்.

எங்கள் ஒரே மகன் எஸ்ரா கனடாவில் வினிபெக் என்ற ஊரில் வேலையில் இருந்தான். போன வருஷம் ஜனவரியில், உறைந்து கிடந்த ரோட்டில் அவன் கார் வழுக்கிப் போய் லாரியில் மோதியது. அங்கேயே முடிந்துவிட்டது. உடலை இங்கே அனுப்பச் சொன்னேன். என் தகப்பனாருக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது என்று சொன்னேன். அவன் மனைவி எஸ்லின் அழுதுகொண்டே மறுத்தாள்.

"பிள்ள இங்கதான் வளருது மாமா. அவ அப்பா அவ போய்ப் பாக்குற தூரத்துல இருக்கட்டும்."

நான் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை. அவள் சிவகிரிப் பெண்; நல்ல குடும்பம். ஆனால் எங்கள் வீட்டுப் பிள்ளையை எங்கள் வரிசையில் படுக்கவைக்க விடாதவளோடு எனக்குப் பேச்சு இல்லை. மார்த்தாள் வீடியோவில் பேசுவாள். அப்போது நான் அறையை விட்டு எழுந்து போய்விடுவேன்.

சித்திரை முடிவில் மார்த்தாளுக்குக் கால் இரண்டும் வீங்கின. படுத்தால் மூச்சு வாங்கியது. அவள் தம்பி விஜயராஜ் காரை எடுத்துக்கொண்டு வந்தான். திருநெல்வேலியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்தார். இருதயம் பெருத்துவிட்டது, மாத்திரையால் கொஞ்ச காலம் ஓட்டலாம் என்று என்னிடம் தனியே சொன்னார். மார்த்தாளுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் திரும்பும் வழியில், கார் ஜன்னலைப் பார்த்தபடி அவளே சொன்னாள்:

"எஸ்ரா தலமாட்டுல ஒரு பூவப் பாத்துட்டுப் போயிருதேன். வேற ஒண்ணும் வேண்டாம்."



மறுநாள் காலை நானே எஸ்லினைக் கூப்பிட்டேன். 

"மாமாவா?"

"ஆமா. அங்க கல்லறையில செடி வைக்க விடுவாங்களா?"

அவள் அழுகிறாள் என்று தெரிந்தது.  பிறகு சொன்னாள். ஒரு கல்லறைக்கு ஒரு செடி வைக்கலாம். இடுப்பளவுக்கு மேல் போகக் கூடாது. புதுக் கல்லறை என்பதால் மண் இறுகி அடங்கும்வரை விடமாட்டார்கள், ஆகஸ்ட் கடைசியில்தான் வைக்க முடியும். "ஆனா மாமா, கடையில விக்கிற பெரிய ரோஜாவெல்லாம் இங்க ஒரு கோடைக்குத்தான். குளிரு வந்ததும் பிடுங்கிப் போட்டுருவாங்க. இங்க மைனஸ் முப்பத்தஞ்சு போகுது."

அதிலிருந்து நான் படிக்க உட்கார்ந்தேன். தெருவில் விசைத்தறிகள் இரைந்துகொண்டிருக்க, மின்விசிறிக்கு அடியில் வியர்த்தபடி, பனிக்குள் உயிர் பிடித்து நிற்கும் ரோஜாக்களைப் பற்றிப் படித்தேன். குளிர் நாடுகளில் ஊர்களை அவற்றின் குளிரைக் கொண்டு எண் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். எண் குறையக் குறையக் குளிர் கூடுதல். வினிபெக் மூன்றாம் எண் என்று கண்டேன். செடியின் மேல் ஐந்து என்று எழுதியிருந்தால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த ஊருக்கு ஆகாது. இன்னொன்றும் தெரிந்தது. ஒட்டுச் செடி அங்கே சரிப்படாது. முதலில் சாவது ஒட்டுப் போட்ட கணுதான். நல்ல ரோஜா போய்க் காட்டு வேர் மட்டும் மிஞ்சும். அதனால் ஒட்டில்லாமல் தன் சொந்த வேரிலேயே வளர்ந்த செடியாகப் பார்த்து வாங்க வேண்டும். அப்படிப்பட்ட செடி பனிக்கு மேலே உள்ள பாகம் முழுக்கக் கருகினாலும் மண்ணுக்குள்ளிருந்து திரும்பக் கிளம்பும். கிளம்புவதும் அதே ரோஜாதான்.

படங்களை மார்த்தாளிடம் காட்டினேன். விஜயராஜும் இருந்தான். அவன் இரண்டு தறி போட்டிருக்கிறவன். அந்தச் சத்தத்திலேயே இருந்து பழகியவனுக்கு மெல்லப் பேச வராது.

"ரெத்தச் செவப்பா இருக்கணும். வாசம் இருக்கணும். பாத்தா நம்ம வீட்டுப் பூன்னு தெரியணும்" என்றாள் மார்த்தாள்.

"பொண்ணு பாக்கப் போற மாதிரில்லா அக்கா சொல்லுதா!"

"நீ சும்மா கெடலே."

எல்லாவற்றிலும் உரமானது ஹான்சா என்ற ரகம். சுருங்கிய இலை, தண்டு முழுக்க முள். எந்தப் பனிக்கும் அசையாது என்று எழுதியிருந்தார்கள். வாசமும் நன்றாக இருக்குமாம். மார்த்தாள் படத்தைக் கண்ணருகில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது கத்தரிப்பூ நெறம்லா. முள்ளப் பாத்தா ஆடு வராம வேலிக்கு வச்ச மாதிரி இருக்கு. எம்பிள்ள தலமாட்டுல வேலியா வைக்கது?"

எனக்கும் அது சம்மதமில்லை. இன்னும் சில நாள் படித்தேன். கத்பர்ட் கிரான்ட் என்று ஒன்று கிடைத்தது. எஸ்ரா இருந்த அதே மாகாணத்தில், அந்தக் குளிருக்கென்றே உருவாக்கியது. வெல்வெட் போன்ற கருஞ்சிவப்பு. இடுப்புக்கு மேல் போகாமல் கத்தரித்து வைக்கலாம். கடும் குளிரில் பனி மட்டம்வரை கருகும், ஆனால் அடியிலிருந்து வரும் புதுக்கொம்பில் அந்த வருஷமே பூக்கும். நான் பார்த்தவற்றில் இதைவிடப் பொருத்தமானது வேறு இல்லை. இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

"பேரு என்னன்னு சொன்னீங்க?"

"கத்பர்ட்."

"யாரு, தொரையா?"

"ஏதோ ஒரு தலைவர் பேரு போல."

"சரி, எஸ்ராவுக்குத் தொணைக்கு ஒரு தொரை நிக்கட்டும்" என்றாள். மகன் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஒட்டில்லாத, சொந்த வேர்ச் செடியாகக் கேட்டு வாங்கு என்று எஸ்லினிடம் சொன்னேன். அப்படியே வாங்கினாள். மார்த்தாளிடம் அந்த விவரம் போகவில்லை. அவளுக்கு நிறமும் வாசமும்தான் கணக்கு.

ஆகஸ்ட் கடைசியில் எஸ்லின் நட்டாள். ஒரு முழம்கூட இல்லாத சின்னச் செடி. அந்த வருஷம் பூக்காது என்று தெரிந்ததுதான். அக்டோபரில் அடியைச் சுற்றி மண்ணைக் குவித்து, காய்ந்த இலையைப் போட்டு மூடினாள். பிறகு பனி விழுந்தது. வீடியோவில் பார்த்தால் கல்லறையும் தெரியவில்லை, செடியும் தெரியவில்லை, ஒரே வெள்ளை.

"அந்தப் பனியே அதுக்குப் போர்வதான் அத்தை. பனிக்குள்ள இருக்க பாகம் சாகாது" என்றாள் எஸ்லின்.

"ஐஸப் போத்திக்கிட்டா கெடக்கு? பாவம்" என்றாள் மார்த்தாள். செடியைச் சொன்னாளா, மகனைச் சொன்னாளா தெரியவில்லை.

அந்த மாதங்களில் அவள் கட்டிலோடு ஆகிவிட்டாள். தலையணையை உயர்த்திச் சாய்ந்தபடிதான் தூங்க முடிந்தது. கல்லறைத் தோட்டத்துச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற நான் போனேன். திரும்பி வந்ததும் எந்தச் செடியில் எத்தனை மொட்டு என்று கேட்பாள். சொல்வேன். அதைக் கேட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். அவர் சொன்ன கொஞ்ச காலத்தை அவள் தாண்டிவிட்டாள். அந்தச் செடிக்காகத்தான் இருக்கிறாள் என்று விஜயராஜ் எல்லாரிடமும் சொன்னான். அது உண்மை.

ஜூன் மாதம் ஒரு காலை. திருச்சபைச் சேகரக் கமிட்டிக் கூட்டத்துக்காக நான் பாளையங்கோட்டை போயிருந்தேன். அன்று வீட்டில் நடந்த பேச்சு எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. எஸ்லின் கல்லறைக்குப் போய் வீடியோவில் கூப்பிட்டிருக்கிறாள். பழைய கொம்புகள் எல்லாம் கருப்பாக நின்றன. அடியில், மண்ணைக் கீறிக்கொண்டு, சிவந்த துளிர்கள் எழும்பியிருந்தன. அவள் சந்தோஷமாக அதைக் காட்டியிருக்கிறாள்.

"ஏட்டி மக்கா, அத ஏன் விட்டு வச்சிருக்க? அது காட்டுக்கொம்புல்லா!"

"இதுதான் அத்தை உயிரோட இருக்கு. மேல ஒண்ணும் வரல."

"எப்படி வரும்? சத்தெல்லாம் இது உறிஞ்சுதுல்லா. அடியோட வெட்டு. வர வர வெட்டிக்கிட்டே இரு. மேல கண்ணு முழிக்கும், பாரு."

எஸ்லின் வெட்டினாள். மார்த்தாளுக்கு ரோஜாவைப் பற்றித் தெரியாதது இல்லை என்று எஸ்ரா சொல்லிச் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். அதோடு, அவர்கள் மகனின் உடலை அனுப்பாமல் வைத்துக்கொண்டோம் என்ற குறுகுறுப்பு அவளுக்கு இருந்தது. அத்தை ஒன்று சொன்னால் எதிர்த்துப் பேச வாய் வராது. வாரா வாரம் போய், வந்த துளிரையெல்லாம் மண் மட்டத்தில் அறுத்திருக்கிறாள். அது திரும்பத் திரும்பக் கிளம்பியது. பிறகு நின்றுவிட்டது.

நான் கேட்டபோதெல்லாம் மார்த்தாள், "நல்லாருக்கு, பூக்கும்" என்று மட்டும்தான் சொன்னாள்; அடிக்கொம்பை வெட்டுகிற பேச்சை எடுக்கவில்லை. நானும் அதோடு விட்டேன்.

கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின வாரம் எஸ்லின் என்னைக் கூப்பிட்டாள். ஊருக்குள் பஸ் வராமல் சுற்றி விட்டிருந்தார்கள். தெருவெல்லாம் ஆள். ஒலிபெருக்கிச் சத்தத்தில் காது கேட்காமல் நான் பின்கட்டுக்குப் போய்ப் பேசினேன்.

"மாமா, செடி போச்சு."

"என்ன சொல்லுத?"

செடி வாங்கிய கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறாள். அவர் தோண்டிப் பார்த்துவிட்டு, வேர் அழுகிவிட்டது என்றாராம். அடியிலிருந்து வந்ததுதான் ரோஜா, அதை ஏன் வெட்டினாய் என்று கேட்டாராம்.

"சொந்த வேருன்னு கேட்டுத்தான் வாங்குனேன். அதுக்கு இதுதான் அர்த்தம்னு எனக்குத் தெரியாது மாமா. அத்தை வெட்டச் சொன்னாங்க, வெட்டுனேன்."

 அவள் தொடர்ந்து பேசினாள்.

"அத்தைக்கு இது தெரிய வேண்டாம். கடையில ஒரு செவப்பு ரோஜா வாங்கி, அந்தக் கொம்புல கட்டி போட்டோ எடுத்து அனுப்புதேன். அவுங்க பாத்துட்டு நிம்மதியா..."

"கடைப் பூவா? எஸ்ரா கல்லறையிலயா?"

 "அப்போ என் மேல போட்டுருங்க. நான் சரியா மூடாம விட்டுட்டேன், பனியில போச்சுன்னு சொல்லிருங்க" என்றாள்.

புருஷனைப் பறிகொடுத்து, அந்நிய ஊரில் ஒற்றைப் பிள்ளையோடு நிற்கிறவள் அவள். அவள் மேல் பழியைப் போட்டு என் வீட்டுக் காரியத்தை முடித்துக்கொள்ள எனக்கு வராது. "நீ போனை வையி. நான் சொல்லிக்கிடுதேன்" என்றேன்.

உண்மையைச் சொல்வது ஒன்றுதான் என் வழக்கம். ஆனால் உண்மை இதுதான்: பெற்ற மகனின் தலைமாட்டுச் செடியைத் தன் வாயாலேயே வெட்டச் சொன்னாள். மிஞ்சியிருக்கிற நாட்களை அவள் இதை வைத்துக்கொண்டு கழிக்கக் கூடாது.

மார்த்தாள் விழித்திருந்தாள். போனை என் கையில் பார்த்ததும் முகம் மாறியது.

"பூத்துட்டா?"

"மார்த்தா, செடி பட்டுப்போச்சு."

அவள் என்னையே பார்த்தாள். "எப்படிப் படும்? காட்டுக்கொம்பெல்லாம் வெட்டிட்டாளே. மேல முழிக்கணுமே."

"முழிக்காது. நான் பாத்த ரகம் தப்பு. அந்தக் குளிரு அது தாங்காது. தாங்குறது வேற இருந்துச்சு."

"அந்தக் கத்தரிப்பூ நெறமா?"

"ஆமா."

"அப்போ நான் செவப்பு செவப்புன்னு கேட்டதுனாலதான்..."

"இல்ல" என்றேன். இதை நான் எதிர்பார்க்கவில்லை. "நீ கேட்டதுக்கு இல்ல. செவப்புலயே தாங்குறது இருந்துச்சு. நான் சரியாப் படிக்கல. பாதி படிச்சிட்டுப் போதும்னுட்டேன்."

முப்பது வருஷ சர்வீஸில் ஒரு பத்திரத்தையும் முழுக்கப் படிக்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. அது அவளுக்குத் தெரியும்.

"ஊருல உள்ளவன் பத்திரத்தையெல்லாம் வரி வரியாப் படிச்சீங்களே" என்றாள். மூச்சு வாங்கியது. "நம்ம பிள்ளைக்கு ஒரு செடி..."

 சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று மாலை என் கையால் மாத்திரை வாங்கிக்கொள்ள மறுத்தாள். பக்கத்து வீட்டு மெஹர்பானு வந்து கொடுத்தாள். அதற்குப் பிறகும் அப்படியேதான். நான் கேட்டால் பதில் இல்லை. நான் தூக்கி உட்காரவைத்தால் உடம்பை விறைத்துக்கொள்வாள். விஜயராஜ் வந்து நடுவீட்டில் நின்று கத்தினான்.

"ஊரான் சொத்துல இருக்க வில்லங்கத்தையெல்லாம் தோண்டி எடுத்தீங்க அத்தான். ஒரு ரோசாச் செடியில இருக்க வில்லங்கத்தக் கண்டுபிடிக்கத் தெரியலியே! எங்க அக்கா இந்தப் பூவுக்காகத்தான உசுர வச்சிட்டுக் கெடந்தா?"

தறி ஆட்கள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த வீட்டில் என்னைப் பார்த்து யாரும் குரல் உயர்த்தியதில்லை. நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். 

கடைசியாக அவள் எஸ்லினோடு பேசியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து நான் வீட்டுக்குள் நுழையும்போது மெஹர்பானு போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள். நான் கட்டிலுக்குப் பின்னால் நின்றேன்.

"அடுத்த வருசம் நீயே பாத்து ஒண்ணு வையி மக்கா. மாமாட்ட கேக்காத. அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது."

எஸ்லின் திரையில் என்னைப் பார்த்துவிட்டாள். வாய் திறந்தாள். நான் தலையை அசைத்தேன்.

"அடிக்கொம்பு வந்தா மட்டும் விட்றாத. வெட்டிரு, என்ன?"

"சரி அத்தை" என்றாள் எஸ்லின்.

ஆவணி பிறந்து சில நாட்களில் மார்த்தாள் போய்விட்டாள். அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் செடி விஷயம் தெரிந்திருந்தது. விஜயராஜ் சொல்லியிருந்தான். கைகொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்தார்கள். கமிட்டியில் எனக்கு ஆகாதவர் ஒருவர், "படிச்சவுகளுக்கும் கை தவறத்தான் செய்யும் அண்ணாச்சி" என்றார். நான் தலையை அசைத்து ஏற்றுக்கொண்டேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு எஸ்லின் கூப்பிட்டாள்.

"மாமா, இனிமயாவது சொல்லிரலாம்லா? விஜயராஜ் மாமா என்கிட்டயே ஒங்களக் கண்டபடி பேசுதாங்க. எனக்குத் தாங்கல."

"பேசட்டும். நீ யார்ட்டயும் சொல்லக் கூடாது. உன் பிள்ளைட்டகூட."

அவள் சம்மதிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு, தலைமாட்டில் புதுச் செடி ஒன்று வைக்கட்டுமா என்று கேட்டாள். மண் இன்னும் இளகித்தான் இருக்கிறதாம். அதே செடி, அதே கருஞ்சிவப்பு, கடையில் வந்திருக்கிறதாம். அடியில் வருவதை வெட்டாமல் விட்டால் அடுத்த கோடையில் கட்டாயம் பூக்கும் என்று கடைக்காரர் சொல்கிறாராம்.

பூக்கும் என்று எனக்கும் தெரியும். பூத்தால் இவள் படம் அனுப்பாமல் இருக்கமாட்டாள். விஜயராஜ் பார்ப்பான். அதே ரகம் இந்தத் தடவை எப்படிப் பிழைத்தது என்று கேட்பான். கேட்டுக் கேட்டு, யார் எதை வெட்டச் சொன்னது என்பதில் வந்து நிற்பான்.

"வேற எத வேணும்னாலும் வையி. அது வேண்டாம்."

"அத்தை கேட்ட நெறம் அதுதான மாமா? ஏன் வேண்டாங்கீங்க?"

"அது அந்தக் குளிருல பொழைக்காதுன்னு நான் சொல்லியாச்சு" என்றேன்.